கரை சேர்ந்த மார்பரி

ஸ்டெஃபான் மார்பரி உலகம் பார்க்க இரண்டு முறை அழுதிருக்கிறார். இரண்டுக்கும் நடுவே மூன்று ஆண்டுகூட இல்லை. ஆனால் ஒரு பெருங்கடல் இருக்கிறது.

முதல் அழுகை 2009 ஜூலையில். அமெரிக்காவின் முன்னணிக் கூடைப்பந்து வீரர்களில் ஒருவராக இருந்தவர், இணையத்தில் 24 மணி நேர நேரலை ஒன்றை நடத்தினார். பேசினார், பாட்டுப் போட்டார், ஆடினார். தொண்டை சரியில்லை என்று வாசலினை எடுத்து விழுங்கினார். ஒரு பக்திப் பாடல் ஓடிக்கொண்டிருந்தபோது தேம்பித் தேம்பி அழுதார். பார்த்தவர்கள் சிரித்தார்கள். விளையாட்டுப் பத்திரிகைகள் அந்தக் காட்சியைத் துண்டு துண்டாக வெட்டி வாரக்கணக்கில் சிரிப்புக் காட்டின. ஆள் கழன்றுவிட்டார், ஆட்டம் முடிந்தது என்று எழுதிவைத்தார்கள்.

இரண்டாவது அழுகை 2012 மார்ச் 30 அன்று, பெய்ஜிங்கில். ஒலிம்பிக்குக்காகக் கட்டப்பட்ட வுகெசோங் அரங்கில் சீன லீகின் இறுதிச் சுற்று, ஐந்தாவது ஆட்டம். எதிரே குவாங்டொங் அணி. அதற்கு முந்தைய எட்டு சீசன்களில் ஏழு முறை கோப்பையை வீட்டுக்கு எடுத்துப்போன அணி. பெய்ஜிங் அதுவரை ஒருமுறைகூட வென்றதில்லை. ஆட்டம் 124-121 என்று பெய்ஜிங் பக்கம் சாய்ந்தது. அதில் 41 புள்ளிகள் மார்பரியுடையவை. ஆட்டம் முடிந்ததும் அந்த 35 வயதுக்காரருக்குக் கண்ணீர் அடங்கவில்லை. இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. சில மாதங்களில் அதே அரங்கின் வெளியே அவருக்கு வெண்கலச் சிலை வைத்தார்கள்.

அமெரிக்கக் கூடைப்பந்தில் ‘ஓவர்சீஸ்’ என்றொரு சொல் உண்டு. கடல் கடந்த நாடுகள் என்பதுதான் பொருள். ஆனால் அவர்கள் வாயில் அது ஓர் இடத்தின் பெயராக ஒலிப்பதில்லை, ஒரு தண்டனையின் பெயராக ஒலிக்கிறது. ‘அவரா? ஓவர்சீஸ் போய்விட்டாரே’ என்றால், ஆள் கரை ஒதுங்கிவிட்டார் என்று அர்த்தம். அமெரிக்காவின் முதன்மைக் கூடைப்பந்து லீகான என்.பி.ஏ.வில் இருப்பவை 30 அணிகள். அணிக்கு 15 பேர். ஆண்டுதோறும் பல்கலைக்கழகங்களிலிருந்து ஆயிரக்கணக்கானோர் வெளியே வர, டிராஃப்ட் என்ற தேர்வு நாளில் சுமார் 60 பெயர்களைத்தான் வாசிக்கிறார்கள். மற்றவர்கள் எல்லாரும் தோற்றவர்கள் என்று சொல்லும் அளவுகோலில்தான் ஏதோ கோளாறு இருக்க வேண்டும். மார்பரி ஆடிய காலம் முழுவதும் அந்த அளவுகோலின் இரண்டு முனைகளையும் தொட்டுப் பார்த்தவர் என்பதால், அதைச் சோதிக்க அவரைவிடப் பொருத்தமான ஆள் கிடைப்பது கடினம்.

நியூயார்க்கின் தெற்கு ஓரத்தில், கடலை ஒட்டிய கோனி ஐலண்டில் 1977இல் பிறந்தார். சுற்றுலாப் பயணிகளுக்கு அது ராட்டினங்களும் கடற்கரையும். அங்கே வாழ்பவர்களுக்கு அரசு கட்டித்தந்த அடுக்குமாடிக் குடியிருப்பு. ஏழு பிள்ளைகளில் ஆறாமவர். மூன்று அண்ணன்மாரும் பந்தோடு பல்கலைக்கழகம் வரை போய், என்.பி.ஏ. வாசலில் நின்றுவிட்டவர்கள். ஆக, பையன் கையில் பந்தைக் கொடுத்தபோதே குடும்பத்தின் முழுப் பந்தயத்தையும் சேர்த்துக் கொடுத்துவிட்டார்கள். டார்சி ஃபிரே என்ற எழுத்தாளர் 1994இல் வெளியிட்ட ‘த லாஸ்ட் ஷாட்’ புத்தகத்தில் அந்த ஊர்ப் பள்ளி அணியின் கதை இருக்கிறது. அதில் பதினான்கு வயது மார்பரி ஏற்கெனவே பெரிய மனிதத் தோரணையில் நடமாடுகிறார்.

ஒரே ஒரு ஆண்டு பல்கலைக்கழகம். 1996இல் டிராஃப்டில் நான்காவது இடம். இரண்டு முறை ஆல்ஸ்டார். என்.பி.ஏ. வாழ்க்கை முழுவதற்குமான சராசரி, ஆட்டத்துக்கு 19.3 புள்ளி, 7.6 அசிஸ்ட். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் ஸ்பெயினுக்கு எதிராக 31 புள்ளிகள். அமெரிக்க ஆண்கள் அணியில் அப்போது அது சாதனை.

இதையெல்லாம் சொல்லிவிட்டு மறுபக்கத்தை மறைப்பது நியாயமாகாது. மினசோட்டாவில் கெவின் கார்னெட் என்ற மாபெரும் வீரருடன் ஜோடி சேர்ந்தும், அங்கே இருக்கப் பிடிக்காமல் வெளியேறினார். நியூ ஜெர்சி அவரை அனுப்பிவிட்டு ஜேசன் கிட்டை வாங்கியது. 26 வெற்றி பெற்ற அணி மறு ஆண்டே 52 வெற்றி பெற்றது. ஃபீனிக்ஸ் அவரை விற்றுவிட்டு ஸ்டீவ் நாஷைக் கொண்டுவந்தது. 29 வெற்றி 62 ஆயிற்று. இவர் போன பிறகுதான் வீடு விளங்குகிறது என்ற பேச்சு அங்கேதான் பிறந்தது. அது முற்றிலும் பொய்யும் இல்லை. சொந்த ஊரான நியூயார்க்கின் நிக்ஸ் அணிக்கு 2004இல் வந்த பின்பு நிலைமை இன்னும் மோசமானது. பயிற்சியாளர் லாரி பிரவுனோடு பகிரங்கச் சண்டை. அடுத்து வந்த ஐசையா தாமஸோடும் சண்டை. 2007 டிசம்பரில் தந்தை இறந்தார். நிக்ஸ் ஆடிக்கொண்டிருந்த இரவில்தான் அவருக்கு நெஞ்சுவலி வந்தது. அந்தச் சாவுக்குப் பிறகு தனக்கும் வாழப் பிடிக்காமல் போனது என்று மார்பரி பின்னாளில் சொல்லியிருக்கிறார். 2009இல் அவரைப் பார்த்துச் சிரித்தவர்களுக்கு இது தெரியாது. தெரிந்திருந்தாலும் சிரித்திருப்பார்களோ என்னவோ.

2008இல் நிக்ஸின் புதிய பயிற்சியாளராக மைக் டான்டோனி வந்தார். ஆண்டுக்கு இரண்டு கோடி டாலருக்கு மேல் சம்பளம் வாங்கிய மார்பரியை முதல் ஆட்டத்திலிருந்தே பெஞ்சில் உட்காரவைத்தார். இதே டான்டோனிதான் ஃபீனிக்ஸ் மார்பரியை விற்றபோதும் அங்கே பயிற்சியாளர். ஒருவரை இரண்டு ஊர்களில் வேண்டாம் என்றவர்.

இங்கேதான் கதையின் வேடிக்கை இருக்கிறது. டான்டோனியே ஒரு காலத்தில் ‘ஓவர்சீஸ்’ போனவர். எழுபதுகளில் அமெரிக்காவில் அணி அணியாக அலைந்தும் கால் ஊன்ற முடியாமல், 1977இல் இத்தாலியின் மிலான் நகருக்கு விமானம் ஏறினார். போனவர் 1990 வரை அங்கேயே ஆடினார். ஐந்து இத்தாலிய லீக் பட்டங்கள், 1987இலும் 1988இலும் ஐரோப்பிய சாம்பியன் கோப்பை. எதிராளி கையிலிருந்து பந்தைப் பறிக்கும் லாகவத்தைப் பார்த்து, திருடன் அர்சேன் லூபினின் பெயரையே பட்டப்பெயராக வைத்தார்கள். இத்தாலியத் தேசிய அணிக்கும் ஆடினார். அவருடைய 8ஆம் எண் சட்டையை மிலான் அணி இனி யாருக்கும் தருவதில்லை.

அதே காலத்தில் ஜோ பிரையன்ட் என்ற இன்னோர் அமெரிக்கரும் இத்தாலியின் சிறு நகரங்களில் ஆடிப் பிழைத்துக்கொண்டிருந்தார். அவரோடு அங்கே வளர்ந்த மகன், டான்டோனியின் ஆட்டத்தைப் பார்த்து வாய் பிளந்த சிறுவன், பின்னாளில் லாஸ் ஏஞ்சலிஸில் 8ஆம் எண்ணோடு களமிறங்கியதற்கு அதுவும் ஒரு காரணம். கோபி பிரையன்ட் இத்தாலிய மொழியைச் சரளமாகப் பேசினார் என்பதை எல்லாரும் ரசிக்கிறார்கள். ஆனால் அதை அவருக்குச் சம்பாதித்துத் தந்தது தந்தையின் ‘ஓவர்சீஸ்’ வேலைதான் என்பதை யாரும் நினைப்பதில்லை.

டான்டோனி மிலானிலும் டிரெவிசோவிலும் பயிற்சியாளராகப் பழகிய வேகமான, கோர்ட் முழுவதும் பரந்து விரியும் ஆட்டத்தைத்தான் ஃபீனிக்ஸில் நாஷை வைத்து அரங்கேற்றினார். 2005இல் ஆண்டின் சிறந்த பயிற்சியாளர் விருது அவருக்குக் கிடைத்தது. இன்று என்.பி.ஏ. முழுக்க ஆடும் பாணியில் அந்த ஃபீனிக்ஸ் அணியின் சாயல் அழுத்தமாக இருக்கிறது. தோற்றவர்களை அனுப்பிவைக்கும் கிடங்கு என்று நினைத்த இடத்திலிருந்துதான் அவர்களுடைய இன்றைய ஆட்டத்தில் ஒரு பங்கு திரும்பி வந்திருக்கிறது.

மார்பரி சீனாவுக்குப் போனதில் காவியத்தனம் எதுவும் இல்லை. காரணங்களில் ஒன்று செருப்பு வியாபாரம் மாதிரி ஒரு விஷயம். சரியாகச் சொன்னால் ஷூ வியாபாரம். 2006இல் ‘ஸ்டார்பரி’ என்ற பெயரில் 14 டாலர் 98 சென்ட்டுக்கு ஒரு கூடைப்பந்துக் காலணியை அவர் இறக்கினார். மற்ற நட்சத்திரங்களின் பெயர் பொறித்த காலணிகள் நூறு, நூற்றைம்பது டாலர் என்று விற்ற காலம். குடியிருப்புப் பிள்ளைகள் அதற்காகத் தாய் தகப்பனை நச்சரிப்பதையும், சமயத்தில் அடிதடி நடப்பதையும் பார்த்து வளர்ந்தவர் அவர். மலிவுச் சரக்கு என்று யாரும் இளக்காரம் செய்யாதபடி, அதே காலணியைப் போட்டுக்கொண்டே என்.பி.ஏ.வில் ஆடினார். அவருடைய என்.பி.ஏ. நாட்களில் பெருமைப்பட ஒரே ஒரு காரியத்தைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், புள்ளிக்கணக்குகளை விட்டுவிட்டு இதைத்தான் எடுக்க வேண்டும். ஆனால் அதை விற்ற ஸ்டீவ் அண்ட் பாரிஸ் என்ற கடைத்தொடர் 2008இல் திவாலானது. காலணிக்கு ஒரு புதிய சந்தை வேண்டும். ஆட ஓர் அணி வேண்டும். இரண்டும் சீனாவில் இருந்தன.

2010 ஜனவரியில் அவர் போய் இறங்கியது பெய்ஜிங்கோ ஷாங்காயோ இல்லை. நிலக்கரிக்குப் பெயர்போன ஷான்ஷி மாகாணத்தின் தலைநகர் தையுவான். கடுங்குளிர். சீசனின் மிச்சமிருந்த 15 ஆட்டங்களில் சராசரி 22.9 புள்ளி எடுத்தார். அங்கே நீடிக்கவில்லை. அடுத்த சீசன் தெற்கே ஃபோஷான் நகரத்தில், அதுவும் தேறாத அணி. இந்த இரண்டு ஆண்டுகளோடு அவர் மூட்டை கட்டியிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது.

சீன லீகில் வெளிநாட்டு வீரரின் நிலை என்ன என்பதையும் பார்க்க வேண்டும். அவர் ஆடிய நாட்களில் அணிக்கு இரண்டே இரண்டு வெளிநாட்டவர். ஓர் ஆட்டத்தின் நான்கு கால் பகுதிகளில் இருவருக்கும் சேர்த்து ஆறு கால் பகுதிகள்தான் களத்தில் இடம். அதற்குள் ஆளுக்கு முப்பது புள்ளி எடுத்துத் தர வேண்டும். அணி ஜெயித்தால் உள்ளூர்ப் பிள்ளைகள் நன்றாக ஆடினார்கள். தோற்றால் பழி இறக்குமதி ஆள் மேல். சீசன் நடுவிலேயே விமான டிக்கெட் கையில் வந்துவிடும். இப்படி வந்து, குவித்து, சம்பளத்தை வாங்கிக்கொண்டு கிளம்பியவர்களே அதிகம். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. விருந்தாளியாக நடத்தினால் விருந்தாளியாகத்தான் இருப்பார்கள்.

2011இல் என்.பி.ஏ. முதலாளிகள் கதவடைப்பு செய்தபோது ஜே.ஆர். ஸ்மித், கென்யன் மார்டின், வில்சன் சாண்ட்லர் போன்றவர்கள் சீனாவுக்குப் போனார்கள். இடையில் கழன்றுகொள்ளும் உரிமையைச் சீன லீக் தர மறுத்ததால் மாட்டிக்கொண்டார்கள். அமெரிக்காவில் ஆட்டம் தொடங்கிய பிறகு எப்போது விடுதலை என்று நாள் எண்ணிக்கொண்டிருந்தார்கள். விட்டதும் பறந்தார்கள். அதே குளிர்காலத்தில், அதே லீகில், நிக்ஸ் தூக்கியெறிந்த மனிதர் தான் புதிதாகச் சேர்ந்த பெய்ஜிங் டக்ஸ் அணியோடு வரிசையாக வென்றுகொண்டிருந்தார்.

மின் லூலெய் என்ற உள்ளூர்ப் பயிற்சியாளர் அவரை நம்பிப் பந்தைக் கொடுத்தார். மார்பரியும் மாறியிருந்தார். பயிற்சியில் இளம் வீரர்களை ஒவ்வொருவராக நிறுத்திப் பேசினார், தோள் தட்டினார், தோற்ற இரவுகளில் உட்காரவைத்து உற்சாகம் ஊட்டினார். சீன ரசிகர்கள் அவருக்கு ‘மா ட்செங்வெய்’ என்று பெயர் வைத்தார்கள். அரசியல் ஆணையர் மா என்று பொருள். செம்படையில் சிப்பாய்களின் மனம் தளராமல் பார்த்துக்கொள்ளப் பிரிவுக்கு ஒருவர் இருப்பாரே, அந்தப் பதவி. அணியைக் கெடுப்பவர் என்று அமெரிக்கா முத்திரை குத்திய ஒருவருக்குக் கம்யூனிஸ்ட் நாடு கொடுத்த பட்டம் இது! இன்னொரு செல்லப்பெயர் ‘லாவோ மா’. சீன மொழியில் ‘மா’ என்றால் குதிரை; கிழட்டுக் குதிரை என்றும் கொள்ளலாம். கிழட்டுக் குதிரைக்குத்தான் வழி தெரியும் என்று அவர்களிடம் ஒரு சொலவடை உண்டு.

மெட்ரோ ரயிலில் தொங்கிக்கொண்டு அரங்குக்குப் போனார். ‘சைனா டெய்லி’ நாளிதழில் பத்தி எழுதினார். 2014இலும் 2015இலும் மீண்டும் கோப்பை. நான்கு ஆண்டுகளில் மூன்று. 2015 இறுதிச் சுற்றின் சிறந்த வீரரும் அவர்தான். 2014இல் அவர் வாழ்க்கையை வைத்து ஓர் இசை நாடகம் போட்டார்கள், மார்பரியாக மார்பரியே நடித்தார். அதே ஆண்டு பெய்ஜிங் அவரைக் கௌரவக் குடிமகனாக்கியது. பிறகு சீனாவில் நிரந்தரமாகத் தங்கும் அட்டையும் வந்தது.

அமெரிக்கப் பத்திரிகைகள் இதன் பிறகு தொனியை மாற்றிக்கொண்டன. வழிதவறியவர் கீழைத் தேசத்தில் மீட்சி பெற்றார் என்று எழுதத் தொடங்கின. கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால் இதுவும் பழைய பார்வையின் மறுபதிப்புதான். மீட்சி என்றால் அதற்கு முன் ஒரு வீழ்ச்சி வேண்டும். ஊரை விட்டுப் போனதே வீழ்ச்சி என்று வைத்துக்கொண்டால்தான் அந்தக் கதை நிற்கும். நடந்ததை நேராகச் சொன்னால், உள்ளூரில் வேலை போன ஒரு திறமையான தொழிலாளி வேலை இருக்கும் ஊருக்குப் போனார். போன இடத்தில் பெட்டியைப் பிரித்துத் துணிகளை அலமாரியில் அடுக்கினார். ஸ்மித்துக்கும் மார்பரிக்கும் திறமையில் இருந்த தூரத்தைவிட இந்த விஷயத்தில் இருந்த தூரமே பெரிது.

பெய்ஜிங்கின் அன்பையும் கொஞ்சம் தட்டிப் பார்க்கத்தான் வேண்டும். தன் நகரத்தை ஓயாமல் புகழும் ஓர் அமெரிக்க நட்சத்திரம் எந்த அரசுக்கும் லாபமான விளம்பரம். அணிகளுக்குக் கணக்கு வேறு. 2017இல், நாற்பது வயதில், இன்னும் ஒரு சீசன் ஆட ஆசைப்பட்டபோது டக்ஸ் அணி இடம் தரவில்லை. வாசலில் சிலை நிற்க, ஆள் வெளியே வந்தார். அதே நகரத்தின் இன்னோர் அணியில் சேர்ந்து ஒரு சீசன் ஆடி, 2018 பிப்ரவரியில் 20 புள்ளி எடுத்து விடைபெற்றார். சிலை கிடைத்தவருக்கே இதுதான் கதி என்றால், ஆண்டுதோறும் ஊர் ஊராகப் போகும் மற்றவர்களைச் சொல்லவே வேண்டாம்.

அந்த மற்றவர்களில் சிலர் சிகரம் தொட்டும் சொந்த நாட்டில் பெயரற்றவர்கள். நடு இடத்து வீரருக்கு உயரம் போதாது என்று 2008 டிராஃப்டில் யாரும் எடுக்காத கைல் ஹைன்ஸ் இத்தாலியின் இரண்டாம் நிலை லீகிலிருந்து தொடங்கினார். கிரீஸின் ஒலிம்பியாகோஸுக்காக 2012, 2013. சிஎஸ்கேஏ மாஸ்கோவுக்காக 2016, 2019. ஆக, ஐரோப்பாவின் உச்ச லீகான யூரோலீகில் நான்கு பட்டங்கள். என்.பி.ஏ.வில் ஒரு நிமிடம்கூட ஆடியதில்லை. ஏதென்ஸில் தெருவில் நடந்தால் கூட்டம் கூடும். சொந்த மாநிலமான நியூ ஜெர்சியில் அவர் உயரமான ஓர் அண்டைவீட்டுக்காரர்.

பெண்களின் கதைக்கு இந்த அளவுகோல் துளியும் பொருந்தாது. அவர்கள் தோற்றுப்போய்க் கடல் கடக்கவில்லை. உச்சத்தில் இருந்தபோதே கடந்தார்கள். டயானா டவுராசிக்கு அமெரிக்க லீகில் அப்போது கிடைத்த உச்சவரம்புச் சம்பளம் சுமார் 1,07,000 டாலர். ரஷ்யாவின் எகடரின்பர்க் அணி தந்தது சுமார் 15 லட்சம் டாலர் என்று செய்திகள் வந்தன. 2015இல் அந்த அணி ஒரு படி மேலே போய், கோடையில் அமெரிக்காவில் ஆடாமல் ஓய்வெடுக்கவே பணம் கொடுத்தது, அவரும் எடுத்துக்கொண்டார். அதே அணிக்கு ஆடப் போன பிரிட்னி கிரைனர் 2022 பிப்ரவரியில் மாஸ்கோ விமான நிலையத்தில் கைதானார். ஒன்பது ஆண்டுத் தண்டனை. டிசம்பரில் ஓர் ஆயுத வியாபாரிக்கு மாற்றாக விடுதலை. ஏன் அங்கே போனார் என்று அப்போது பலர் கேட்டார்கள். உள்ளூரில் ஏன் அந்தச் சம்பளம் இல்லை என்று கேட்டவர்கள் குறைவு.

ஆடி முடித்த பிறகும் மார்பரி ஊர் திரும்பவில்லை. 2019இல் பெய்ஜிங்கில், தான் கடைசியாக ஆடிய அணிக்கே தலைமைப் பயிற்சியாளரானார். பெஞ்சில் உட்காரவைக்கப்பட்டவர், யாரை உட்காரவைப்பது என்று முடிவு செய்யும் இடத்துக்கு வந்தார். நிக்ஸ் பெஞ்சில் கழித்த இரவுகள் அப்போது நினைவுக்கு வந்தனவா என்பதை அவரிடம்தான் கேட்க வேண்டும்.

2020 மார்ச்சில் நியூயார்க் மருத்துவமனைகள் முகக்கவசம் இல்லாமல் தவித்தன. சீனாவில் தனக்குத் தெரிந்த உற்பத்தியாளர் மூலம் ஒரு கோடி என்-95 கவசங்களை, ஒன்று 2 டாலர் 75 சென்ட் என்ற அடக்க விலையில் தன் ஊருக்கு வாங்கித் தர அவர் ஏற்பாடு செய்ய முனைந்தார். புரூக்ளின் நிர்வாகத்தோடு பேசினார். ஒரு காலத்தில் அவரைப் பற்றி மோசமான தலைப்புகள் போட்டுப் பழகிய நியூயார்க் பத்திரிகைகளில் அந்த வாரம் இந்த முயற்சி செய்தியானது.